கனவுக்குக் கைதட்டியவர்கள்

கிருஷாந்தினிக்கு அந்த வேலையை வாங்கிக் கொடுத்ததே நுஸ்லாதான். பிறகு நடந்ததைச் சொல்லும்போது இதையும் சேர்த்துச் சொல்லாவிட்டால் நியாயமில்லை.

இரண்டு பேரும் மாத்தளையில் ஒரே பள்ளிக்கூடம், ஒரே வாங்கு. நுஸ்லா உக்குவளையில் கடை வைத்திருப்பவரின் மகள். கிருஷாந்தினி தேயிலைத் தோட்டத்து மேற்பிரிவில், தொழிலாளர் வரிசை வீடுகளான லயத்திலிருந்து பஸ் பிடித்து வருகிறவள். பெரிய மழை பெய்து மேலே பஸ் ஏறாத நாட்களில் நுஸ்லா வீட்டில்தான் தங்குவாள். நுஸ்லாவின் உம்மா றாபியா இரண்டு பேருக்கும் ஒரே தட்டில் சோறு போட்டு, "சண்ட புடிக்காம தின்னுங்க" என்பார். சண்டை வந்ததே இல்லை.

பள்ளிப் படிப்பை முடிக்கிற ஏ.எல். பரீட்சையில் இரசாயனவியல் கிருஷாந்தினியின் காலை வாரிவிட்டது. நுஸ்லா ஏதோ டிப்ளோமா முடித்து, உக்குவளைப் பாதையிலிருந்த வாசனைத் திரவியக் கம்பனியின் அலுவலகத்தில், ஆட்களைப் பார்க்கிற பிரிவில் சேர்ந்துவிட்டாள். சேர்ந்த கையோடு தோழிக்கும் தரம் பிரிக்கிற பகுதியில் ஓர் இடம் பேசி வைத்தாள். வருடா வருடம் ஒப்பந்தம் புதுப்பிக்கிற வேலை.

சாதிக்காய், வசுவாசி, கராம்பு, கறுவா. கொட்டிக் கிடப்பதில் நல்லதும் கெட்டதும் பார்த்துப் பிரிக்க வேண்டும். கிருஷாந்தினி வேலையைச் சீக்கிரம் பிடித்துக்கொண்டாள். புதிதாக வருகிறவர்களை அவள் பக்கத்தில்தான் உட்கார வைப்பார்கள். றிஸ்மியாவுக்கு வேலை பழக்கியதும் அவள்தான். பகுதிப் பொறுப்பாளராக இருந்த வயதான அம்மா ஓய்வு பெறப் போகிறார், அடுத்தது நீதான் என்று எல்லோரும் சொல்லிக்கொண்டிருந்தார்கள். அந்தப் பதவி கிடைத்தால் வேலை நிரந்தரம்.

ஆனால் அவள் மனசு வேறோர் இடத்தில் இருந்தது. அது நுஸ்லாவுக்கு மட்டும் தெரியும்.

கிருஷாந்தினியின் அக்கா இலட்சுமி, மேற்பிரிவிலேயே கட்டிக் கொடுக்கப்பட்டவள். கொழுந்து மலையும் லயமும் கோயிலும்தான் அவளுக்கு உலகம். சிங்களம் வராது. முதல் பிள்ளை வயிற்றிலிருந்தபோது அவளுக்கு இரண்டு நாளாக மண்டை வெடிக்கிற வலி, கண்ணுக்கு முன்னால் மின்னல் மின்னலாகத் தெரிந்திருக்கிறது. அன்றைக்குப் பார்த்து, நோனா என்று எல்லோரும் கூப்பிடுகிற சிங்கள மிட்வைஃப் வீட்டுக்கு வந்தாள். நல்ல மனுஷிதான், ஆனால் அவளுக்குத் தமிழ் வராது. ஒவ்வொன்றாகச் சிங்களத்தில் கேட்டாள். இலட்சுமிக்கு எதுவும் விளங்கவில்லை. விளங்கவில்லை என்று காட்ட வெட்கம். தெரிந்த ஒரே ஒரு சிங்களச் சொல்லைச் சிரித்துக்கொண்டே சொல்லிக்கொண்டிருந்தாள். "ஹொந்தாய்." நல்லா இருக்கு. தலை வலிக்குதா? ஹொந்தாய். கண் மங்குதா? ஹொந்தாய். நோனா சந்தோஷமாகப் போய்விட்டாள். மறுநாள் விடியும்முன் இலட்சுமிக்கு வலிப்பு வந்தது. ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய் அவளைக் காப்பாற்றினார்கள். பிள்ளையைக் காப்பாற்ற முடியவில்லை.

தான் "ஹொந்தாய்" சொன்னதை இலட்சுமி யாரிடமும் சொல்லவில்லை. புருஷனிடம் சொல்லவில்லை, பெற்ற தாய் புஷ்பவதியிடம் சொல்லவில்லை. தங்கச்சியிடம் மட்டும், அவள் மடியில் தலையை வைத்துக்கொண்டு, ஒரு தரம் சொன்னாள். "நானே கொன்னுட்டேன்டி" என்றாள்.

அதற்குப் பிறகு, கொழுந்தெடுக்கப் போகிறவர்கள் பிள்ளைகளை விட்டுப்போகும் பிள்ளைக் காம்பராவில் கிளினிக் நடக்கிற நாட்களில் கிருஷாந்தினி அரைநாள் லீவு போட்டுவிட்டுப் போய் உட்காரத் தொடங்கினாள். மாத்தளையில் படித்ததில் அவளுக்குச் சிங்களம் நன்றாக வரும். கர்ப்பிணிப் பெண்கள் சொல்வதைச் சிங்களத்தில் நோனாவுக்கும், நோனா சொல்வதைத் தமிழில் இவர்களுக்கும் சொல்வாள். யாரும் அவளை அந்த வேலைக்கு வைக்கவில்லை. ஆனால் அந்த வாங்கில் உட்கார்ந்திருக்கும்போதுதான் தான் எதற்காகவோ பிறந்திருக்கிறோம் என்று அவளுக்குப் பட்டது. தானே மிட்வைஃப் ஆகிவிட வேண்டும் என்ற எண்ணம் அங்கே வந்ததுதான். அதற்கு இரசாயனவியலைத் திரும்ப எழுத வேண்டும், அரசாங்க வர்த்தமானியில் விண்ணப்பம் கேட்கும்போது போட வேண்டும். சனிக்கிழமை பின்னேரங்களில் மாத்தளையில் டியூஷனுக்குப் போனாள். சம்பளத்தில் பாதி வீட்டுக்கு, மீதி அதற்கு. கம்பனியில் லீவு கேட்கும்போது மட்டும் அம்மாவுக்குப் பிரஷர், ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போகணும் என்று சொல்லி வைத்திருந்தாள்.

இதையெல்லாம் ஒருநாள் உக்குவளை ஸ்டேஷனில், ரயில் தாமதமான ஒரு பின்னேரம், நுஸ்லாவிடம் கொட்டிவிட்டாள். இலட்சுமி சொன்ன அந்தச் சொல்லையும் சேர்த்து. நுஸ்லா அழுதுவிட்டாள். கிருஷாந்தினியின் கையைப் பிடித்து, "அல்லாஹ் ஒனக்கு அந்த வேலயத் தருவான்டி, பாரு" என்றாள். அந்த அழுகை பொய் இல்லை. அதைக் கிருஷாந்தினி இன்றைக்கும் நம்புகிறாள். அதுதான் அவளுக்குக் கூடுதல் கஷ்டம்.

முதலாளியின் மகன் நப்லான் மலேசியாவில் படித்துவிட்டு வந்து கம்பனியைக் கையிலெடுத்தபோது நிறைய மாற்றங்கள் வந்தன. அவற்றில் ஒன்றுதான் கனவுப் பலகை. ஆளுக்கொரு பெரிய மட்டை, கத்தரிக்கோல், பசை, பழைய சஞ்சிகைகள். ஐந்து வருடத்தில் என்னவாக வேண்டுமோ அதைப் படமாக ஒட்ட வேண்டும். தினமும் அதைப் பார்த்தால் மனசு அந்தப் பக்கம் இழுக்கும், செய்கிற வேலைக்கும் ஓர் அர்த்தம் வரும் என்றார் நப்லான். இதை நடத்துவதற்காகவே நுஸ்லாவைக் கொழும்புக்கு அனுப்பிப் பயிற்சி எடுக்க வைத்திருந்தார்.

எல்லோரும் சாப்பாட்டு மண்டபத்தில் சிரித்துக்கொண்டு வெட்டி ஒட்டினார்கள். றிஸ்மியா ஒரு சிவப்பு ஸ்கூட்டியை ஒட்டினாள். கிருஷாந்தினி உஷாராக, பொறுப்பாளர் போடுகிற வெள்ளை மேலங்கியையும் கம்பனியின் பெட்டிப் படத்தையும் வெட்டி வைத்திருந்தாள். நுஸ்லா வந்து பக்கத்தில் குந்தினாள்.

"என்னடி இது? இதா ஒண்ட கனவு?"

"இது போதும்டி. எல்லாரும் பாப்பாங்க."

"யாரும் பாக்கிறல்ல. இது அவங்கவங்க ஊட்டுக்குக் கொண்டுபோறதுக்கு. ஒனக்கே நீ பொய் சொன்னா எப்பிடிடி நடக்கும்? உள்ளதப் போடு."

கிருஷாந்தினி தோழியின் முகத்தைப் பார்த்தாள். வெட்டியதை ஒதுக்கி வைத்தாள். சஞ்சிகைகளில் மிட்வைஃப் படம் இல்லை. அதனால் கையாலேயே வரைந்தாள்: வெள்ளை உடுத்த ஒருத்தி, அவள் முன்னால் வாங்கில் வயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும் பெண்கள், பின்னால் லயம். கீழே, "நம்ம பாஷையில சொல்லலாம்" என்று எழுதினாள். முடித்துவிட்டுத் தள்ளி வைத்துப் பார்த்தாள். இத்தனை நாள் உள்ளுக்குள் இருந்தது ஒரு மட்டையில் வந்து நிற்கிறது. வெட்கமாகவும் இருந்தது, விட்டுப் பிரியவும் மனமில்லை.

வீட்டுக்குக் கொண்டு போகலாம் என்றுதான் நினைத்தாள். பசை காயட்டும், ரெண்டு நாள் இங்கேயே இருக்கட்டும் என்றாள் நுஸ்லா. பலகைகள் அலுவலகத்துக்குள் போயின. நுஸ்லா ஒவ்வொன்றையும் போனில் படம் எடுத்தாள். ரெண்டு நாள் ரெண்டு கிழமையானது. யாரும் பெரிதாக நினைக்கவில்லை.

வருட முடிவு விழா மாத்தளை நகரத்தில் ஒரு ஹோட்டல் மண்டபத்தில் நடந்தது. வெளியூர் வியாபாரிகளும் வந்திருந்தார்கள். விழாவுக்கு முதல்நாள் நுஸ்லா போனில் கோல் எடுத்து, "நல்லாச் சாரி உடுத்துக்கிட்டு வா. முன்னுக்கே இருக்கணும். ஒனக்கு ஒரு விஷயம் ஈக்கி" என்றாள். வேறு என்ன விஷயமாக இருக்க முடியும்? புஷ்பவதி சாமிப் படத்துக்கு விளக்கேற்றினாள். இலட்சுமி தன் பெட்டியைத் திறந்து, கலியாணத்துக்கு மறுநாள் உடுத்திய மாம்பழ நிறச் சேலையை எடுத்து வந்து, தானே தங்கச்சிக்குக் கொசுவம் வைத்துக் கட்டிவிட்டாள். "வேலை நிரந்தரமானா எனக்கு ஒரு சேலை வாங்கித் தா" என்றாள். அவள் அப்படி விளையாட்டாய்ப் பேசி வெகு காலமாகியிருந்தது.

மண்டபத்தில் முதலில் பொறுப்பாளர் யார் என்று அறிவித்தார்கள். றிஸ்மியா.

றிஸ்மியாவுக்கே நம்ப முடியவில்லை. எழும்பும்போது கிருஷாந்தினியைத் திரும்பிப் பார்த்துவிட்டுத்தான் மேடைக்குப் போனாள். கிருஷாந்தினி கை தட்டினாள். கை தட்டிக்கொண்டே, எனக்கு வேறு ஏதாவது வைத்திருப்பார்கள், நுஸ்லாதான் சொன்னாளே என்று மனசைச் சமாதானப்படுத்தினாள்.

அடுத்து நுஸ்லா மைக்கைப் பிடித்தாள். பின்னாலிருந்த திரையில் கிருஷாந்தினியின் பலகை வந்தது. ஆள் உயரத்துக்கு.

"இது எண்ட சிநேகிதிட கனவு," என்று தொடங்கினாள். பயிற்சியில் பழகிய குரல். எங்கே நிறுத்த வேண்டும், எங்கே தணிய வேண்டும் என்று தெரிந்த குரல். தோட்டத்தைச் சொன்னாள், லயத்தைச் சொன்னாள். ஓர் அக்கா இருந்தாள் என்றாள். பெயர் சொல்லவில்லை. ஆனால் மண்டை வலியைச் சொன்னாள், மின்னலைச் சொன்னாள். பிறகு, "அந்த அக்காவுக்குத் தெரிஞ்சது ஒரே ஒரு சொல்லுதான்" என்று நிறுத்தி, சபையைப் பார்த்து, மெதுவாக, "ஹொந்தாய்" என்றாள்.

யாரோ இரண்டு பேர் விஷயம் புரியாமல் சிரித்தார்கள். நுஸ்லா தொடர்ந்து சொல்லி முடித்தபோது மண்டபம் அமைதியாகிவிட்டது. ஒரு வியாபாரியின் மனைவி கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

அக்காவின் சேலையை உடுத்திக்கொண்டு முன்வரிசையில் இருந்த கிருஷாந்தினிக்குத் தன் உடம்பு எங்கே இருக்கிறதென்று தெரியவில்லை. பெயரைக் கூப்பிட்டார்கள். யாரோ பின்னாலிருந்து தட்டி எழுப்பி விட்டார்கள். மேடையில் நப்லான் சிரித்த முகத்தோடு ஒரு சான்றிதழை நீட்டினார்.

"கிருஷாந்தினி, உங்களோட பாதை எங்க கம்பனிய விடப் பெரிசு. அத நாங்க மதிக்கிறோம். அடுத்த வருஷ ஒப்பந்தத்துல உங்களக் கட்டிப் போட நாங்க விரும்பல்ல. உங்க கனவுக்குப் போங்க. நாங்க தடையா இருக்க மாட்டோம்."

எல்லோரும் எழுந்து நின்று கை தட்டினார்கள். தன்னை வேலையிலிருந்து நிறுத்திவிட்டார்கள் என்பது அந்தக் கைதட்டலுக்கு நடுவில்தான் அவளுக்கு உறைத்தது.

நப்லான் குனிந்து, அவளுக்கு மட்டும் கேட்கும்படி, "அம்மாவுக்குப் பிரஷர்னு பொய் சொல்லியிருக்கத் தேவயில்ல. நுஸ்லா சொன்னா. என்கிட்ட உண்மையச் சொல்லியிருக்கலாம்" என்றார். குரலில் கோபம் இல்லை. ஒரு பெரிய மனுஷன் மன்னிக்கிற குரல்.

மறுநாள் அவள் நுஸ்லா வீட்டுக்குப் போனாள். றாபியாதான் கதவைத் திறந்தார். "வா மகள், ஒண்ட விஷயம் கேட்டு எனக்கு அழுக வந்திட்டு" என்று கன்னத்தைத் தடவினார். அப்படியானால் உம்மாவுக்கும் தெரியும். சாப்பிடச் சொன்னார். வேண்டாம் என்றுவிட்டுக் கிருஷாந்தினி நேரே நுஸ்லாவின் அறைக்குப் போய்க் கதவைச் சாத்தினாள்.

நுஸ்லா கட்டிலிலிருந்து எழுந்தாள். "கோவமா ஈக்கியா?"

"நப்லான் சேர் எதுக்கு அந்தப் பலகைங்களப் பாத்தாரு?"

நுஸ்லா மறைக்காமல் சொன்னாள். ஏற்றுமதி குறைந்துவிட்டது. தரம் பிரிக்கிற பகுதியில் ஆட்களைக் குறைக்கச் சொல்லிவிட்டார்கள். யார் இருக்கப் போகிறவர்கள், யார் எப்படியும் போகப் போகிறவர்கள் என்று பலகைகளைப் பார்த்துச் சொல்லும்படி சேர் கேட்டார்.

"அது முந்தியே தெரியுமா ஒனக்கு? எனக்கு உள்ளதப் போடுன்னு சொன்னப்பவே?"

"சத்தியமா இல்ல. பொறகுதான் கேட்டார்."

"சரி, கேட்டாரு. நீ என் பேரக் கொடுத்த."

"யார்ட பேரச் சொல்றது? மத்தவங்களுக்குப் புள்ளகுட்டி ஈக்கி. ஒனக்கு ஒரு இலக்காவது ஈக்கி. ஒன்னால தாங்க ஏலும்னு நெனச்சேன்."

"என்கிட்ட ஒரு வார்த்த கேட்டிருக்கலாமே."

"கேட்டா நீ வேணாம்னு சொல்லியிருப்பா."

கிருஷாந்தினி சிரித்துவிட்டாள். அப்படி ஒரு சிரிப்பு தன்னிடம் இருக்கிறதென்று அவளுக்கே தெரியாது. "டியூஷனுக்கு எதக் கொடுப்பேன்? கனவுக்குப் போங்கன்னு அனுப்பினீங்களே, எதுல ஏறிப் போறது?"

நுஸ்லா தலையைக் குனிந்துகொண்டாள். "சும்மா ஒப்பந்தம் முடிஞ்சுன்னு அனுப்பினா ஒனக்குக் கேவலமாப் போகும்னுதான் சேர்கிட்ட சொல்லி அந்த மேடய ஏற்பாடு பண்ணினேன். மரியாதயா அனுப்பணும்னு. நல்லதுக்குத்தான்டி…"

"அக்காவோட புள்ளயும் நல்லதுக்கா?"

நுஸ்லா ஜன்னல் பக்கம் பார்த்தாள்.

"வேலய எடுத்துட்டுப் போ. அது ஒன்னால வந்தது," என்றாள் கிருஷாந்தினி. "ஆனா அந்தச் சொல்லு எங்க அக்கா என் மடியில சொன்னது. அதுக்கு நீ மைக்கு புடிச்சு, நடுவுல நிறுத்தி நிறுத்திச் சொன்ன."

வெளியே வந்தபோது றாபியா சோற்றுத் தட்டோடு நின்றார். கிருஷாந்தினி செருப்பைக் காலில் மாட்டிக்கொண்டு நடந்துவிட்டாள். ஒப்பந்தம் முடிய இருந்த மிச்ச நாட்களில் ஒருநாள் அலுவலகத்தில் தன் பலகையைக் கேட்டாள். கண்ணாடிச் சட்டம் போடக் கொடுத்திருக்கிறது, வரவேற்பறையில் மாட்டப் போகிறார்கள் என்றார்கள்.

இத்தோடு முடிந்திருந்தால் பரவாயில்லை. விழாவை வீடியோ எடுத்துக் கம்பனியின் பேஸ்புக்கில் போட்டிருந்தார்கள். மேற்பிரிவில் போன் இல்லாத வீடு இப்போது எது? பெயர் சொல்லாவிட்டால் என்ன, கிருஷாந்தினிக்கு எத்தனை அக்கா? இலட்சுமியின் மாமியாருக்கு யாரோ காட்டினார்கள். அந்த அம்மா அதைக் கையில் பிடித்துக்கொண்டு மருமகள் முன்னால் வந்து நின்றாள். "அப்ப நீதான் நல்லா இருக்குன்னு சொல்லி அனுப்புனியா?" புருஷன் ஒன்றும் கேட்கவில்லை. ஒன்றும் கேட்காமல் ஒரு கிழமைக்கு மேல் அவளிடம் பேசாமலே இருந்தான்.

கிருஷாந்தினி ஓடிப்போய் அக்கா காலடியில் உட்கார்ந்தாள். நுஸ்லா இப்படிச் செய்வாள் என்று நினைக்கவே இல்லை என்று அழுதாள். இலட்சுமி அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். கை நிற்கவில்லை.

"அவள எனக்குத் தெரியாது," என்றாள். "நான் சொன்னது ஒன்கிட்ட."

அடித்திருந்தால்கூடத் தாங்கியிருப்பாள். நுஸ்லாவிடம் தான் கேட்ட கேள்வியே இப்போது தன் முன்னால் நிற்கிறது என்று கிருஷாந்தினிக்குப் புரிந்தது. அவளும் ஜன்னல் பக்கம்தான் பார்த்தாள்.

வீடியோவை எடுக்கச் சொல்லி நப்லானுக்கே கோல் எடுத்தாள். நல்ல செய்திதானே, எத்தனை பேர் பார்த்துப் பாராட்டியிருக்கிறார்கள் என்று அவர் ஆச்சரியப்பட்டார். "அது என் அக்கா புள்ளயோட சாவு வீடு சேர், விளம்பரம் இல்ல" என்று சொன்னபிறகுதான் எடுத்தார்கள். நுஸ்லா பலதடவை கோல் எடுத்தாள், இவள் தூக்கவில்லை. ஒருமுறை மாத்தளை பஸ் ஸ்டாண்டில் நேருக்கு நேர் பார்த்தார்கள். நுஸ்லா கை தூக்கினாள். கிருஷாந்தினி கூட்டத்தோடு கூட்டமாக வேறொரு பஸ்ஸில் ஏறி, அது எங்கே போகிறதென்றுகூடப் பார்க்காமல் உட்கார்ந்துவிட்டாள்.

நகரத்தில் ஒரு பார்மசியில் வேலை கிடைத்தது. நாள் முழுக்க நின்றபடி வேலை. இரவில் படித்தாள். டியூஷனை விட்டுவிட்டு, பழைய வினாத்தாள்களைக் கடன் வாங்கிப் பார்த்தாள். கிளினிக் நாளில் மட்டும், கடைக்கார ஐயாவிடம் உள்ளதைச் சொல்லி லீவு கேட்டாள். அவர் முணுமுணுத்துக்கொண்டே விட்டார். பிள்ளைக் காம்பராவில் பெண்கள் முன்போலவே அவளைத் தேடினார்கள். ஆனால் சிலர் இப்போது அவள் காதில் எல்லாவற்றையும் சொல்வதில்லை. கொஞ்சம் சொல்வார்கள், நிறுத்துவார்கள், அவள் முகத்தைப் பார்ப்பார்கள். அது அவளுக்குத் தைத்தது. அவர்கள் மேல் பிழை இல்லை என்றும் தெரியும்.

மாதங்கள் போயின. இலட்சுமி மெல்ல மெல்லப் பேசத் தொடங்கினாள். உப்பு இருக்கா, அம்மா எங்க, மழை வருது துணிய எடு. அவ்வளவுதான். ஒருநாள் மட்டும், குழாயடியில் துணி அலசிக்கொண்டிருந்தபோது, தானாகவே சொன்னாள்.

"அந்தப் பொண்ணு நல்லாப் பேசுனாடி. எனக்கு நடந்தத என்னைவிட நல்லாச் சொன்னா. அதான் எனக்குத் தாங்கல."

பரீட்சை முடிவு வந்தது. இந்த முறை இரசாயனவியல் கைவிடவில்லை. கிருஷாந்தினி பார்மசி வாசலில் நின்று போனைத் திரும்பத் திரும்பப் பார்த்தாள். முன்பென்றால் முதலில் யாருக்குக் கோல் எடுத்திருப்போம் என்று நினைத்தவுடன் போனைப் பைக்குள் போட்டுவிட்டாள். யாருக்கும் எடுக்கவில்லை. பின்னேரம் பஸ்ஸேறி, அம்மாவிடம்கூடப் போகாமல், நேரே அக்கா வீட்டுக்கு நடந்தாள்.

இலட்சுமி அடுப்படியில் ரொட்டி தட்டிக்கொண்டிருந்தாள். கேட்டதும் கை ஒரு கணம் நின்றது. மாவுக் கையோடு நெற்றியைத் துடைத்துக்கொண்டாள். "பாஸா?" என்றாள். முகத்தில் சந்தோஷம் வந்தது, வந்ததும் தெரிந்தது.

"வர்த்தமானி வரணும், நேர்முகம் இருக்கு, இன்னும் எவ்வளவோ இருக்குக்கா. அது வரைக்கும் யார்கிட்டயும் சொல்லிடாத."

இலட்சுமி ரொட்டியைக் கல்லில் போட்டாள். அது வேகும்வரை பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நான் சொல்ல மாட்டேன்," என்றாள்.

கிருஷாந்தினி வாசற்படியில் உட்கார்ந்தாள். கொஞ்ச நேரத்தில் அக்கா ஒரு தட்டில் ரொட்டியும் சம்பலும் கொண்டுவந்து பக்கத்தில் வைத்துவிட்டு, உள்ளே போய்விட்டாள்.